மாப்பிள்ளைக்கு பில்டு ஃபைல் வேலை

தொலைத்தொடர்பு மென்பொருள் சோதனைக் கூடங்களில் இருபத்தைந்து வருடம் குப்பை கொட்டியவர், இந்தப் பகுதியில் வாசகர்களின் கேள்விகளுக்கு பதில் சொல்கிறார்.

என் மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். வரன் தேடுகிறோம். பெண் வீட்டில் ‘பையனுக்கு என்ன வேலை?’ என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவனைக் கேட்டால் ‘டெலிகாம் டெஸ்டிங்கில் டாக்கர் பில்டு ஃபைல் எல்லாம் நான்தான் பார்த்துக்கிறேன்’ என்கிறான். டாக்டர் இல்லையாம், டாக்கராம். இதெல்லாம் ஒரு வேலையா அம்மா?
— ஒரு தாய், கும்பகோணம்

வேலைதான் அம்மா. நானும் அதைச் செய்துதான் வீட்டுக் கடன் கட்டினேன்.

உங்கள் கைபேசியிலிருந்து ஓர் அழைப்பு போக வேண்டுமானால் டவருக்குப் பின்னால் பல ஆட்கள் ஒருவரோடொருவர் பேசியாக வேண்டும். டவர்களைக் கட்டி மேய்ப்பது ஒன்று, அதன் பெயர் பி.எஸ்.சி. அழைப்பை இணைத்துவிடுவது எம்.எஸ்.சி. எந்த சிம் யாருடையது என்ற பேரேட்டை வைத்திருப்பது எச்.எல்.ஆர். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இவை ஒவ்வொன்றும் ஆளுயர இரும்பு அலமாரி. சோதனைக் கூடத்துக்குள் போனால் சால்வை போர்த்திக்கொள்ள வேண்டும், அவ்வளவு குளிர். இப்போது அத்தனையும் மென்பொருளாகிவிட்டன. ஒரே கணினியில், ஒவ்வொன்றும் தன் முகவரியோடு தனித்தனி டப்பாவில் ஓடுகிறது. அந்த டப்பாவுக்குத்தான் கன்டெய்னர் என்று பெயர். டப்பாக்களைச் செய்து, ஓட்டி, நிறுத்தும் கருவி டாக்கர். 2013இல் வந்தது.

சோதனை என்பது எப்படி? ராஜபார்ட் நடிகருக்கு மட்டும் ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வேஷக்காரர்கள் வரவில்லை. வாத்தியார் ஒருவரே ராணி, மந்திரி, சேவகன் என்று எல்லார் வசனத்தையும் எடுத்துக் கொடுப்பார். ராஜா சரியாக பதில் சொல்கிறாரா என்று பார்ப்பார். வேண்டுமென்றே வசனத்தைத் தப்பாகச் சொல்லி, ராஜா திணறுகிறாரா என்றும் பார்ப்பார். எம்.எஸ்.சி.யைச் சோதிக்கும்போது எங்கள் வாத்தியார் டி.டி.சி.என்-3 என்ற மொழியில் எழுதிய ஒரு புரோகிராம். அதுவே டவராகவும், போனாகவும், எச்.எல்.ஆராகவும் நடிக்கும்.

இந்த டப்பாக்களை எப்படிச் செய்வது, எதற்குள் எதைப் போடுவது, எந்த வரிசையில் ஓட்டுவது என்று எழுதி வைத்த குறிப்புகள்தான் உங்கள் மகன் சொல்லும் பில்டு ஃபைல். டாக்கர்ஃபைல், மேக்ஃபைல் எல்லாம் அதன் வகைகள். ஒரு குழுவில் நாற்பது ஒத்திகை ஓடினால் நாற்பதுக்கும் அதுதான் அடிப்படை. அதில் அவன் ஒரு வரியைத் தப்பாக எழுதினால் நாற்பதும் படுத்துவிடும். பெண் வீட்டாரிடம் ‘நெட்வொர்க் டெஸ்டிங் எஞ்சினியர்’ என்று சொல்லுங்கள், போதும். பெண்ணும் அதே துறையில் இருந்தால் மட்டும் ‘பொதுவான மேக்ஃபைல் இவன் பொறுப்பில் இருக்கிறது’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்று மரியாதையோடு பார்ப்பாள், இல்லையென்றால் அனுதாபத்தோடு.

மேடம், எங்கள் டீமில் 38 டெஸ்ட் ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டாக்கர்ஃபைல், ஒரு மேக்ஃபைல், ஓட்டும் ஸ்கிரிப்ட், நாலைந்து கான்ஃபிக் ஃபைல். எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று காப்பி அடித்தவை. பொதுவானதை ஒரே இடத்துக்குக் கொண்டுவரலாம் என்று நான் சொல்கிறேன். ‘ஓடுகிற வண்டியில் கை வைக்காதே’ என்கிறார் லீட். யார் சொல்வது சரி?
— ஒரு டெஸ்ட் எஞ்சினியர், சோழிங்கநல்லூர்

பாதி நீங்கள், பாதி அவர். மழுப்புவதாக நினைக்காதீர்கள் தம்பி. எந்தப் பாதி என்று சொல்கிறேன்.

முதலில், திறந்த ரெப்போவாக, அதாவது யாரும் பார்க்கக்கூடிய கோடுக் கிடங்காக இருக்கும் ஒன்றைப் போய்ப் பாருங்கள். மொபைல் நெட்வொர்க் மென்பொருளைத் திறந்த மூலமாக எழுதும் ஆஸ்மோகாம் என்றொரு திட்டம் இருக்கிறது. 2008இல் ஹரால்டு வெல்டேயும் நண்பர்களும் பழைய சீமென்ஸ் பி.எஸ்-11 என்ற சின்ன டவர் பெட்டியை வைத்துக்கொண்டு ஓபன்பி.எஸ்.சி. எழுதத் தொடங்கினார்கள். அந்த வருட டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் அதைக் காட்டினார்கள். பிறகு அது வளர்ந்து ஆஸ்மோ-பி.எஸ்.சி., ஆஸ்மோ-எம்.எஸ்.சி., ஆஸ்மோ-எச்.எல்.ஆர். என்று தனித்தனி புரோகிராம்களாகப் பிரிந்தது. 2017 முதல் இவற்றுக்கு டி.டி.சி.என்-3 சோதனைகள் எழுதி வருகிறார்கள். ஓட்டுவதற்கு எக்லிப்ஸ் டைட்டன். எரிக்சன் தன் வீட்டுக்குள் வைத்திருந்த கருவி அது, 2015இல் எல்லாருக்கும் திறந்துவிட்டது. சோதனைகளை டாக்கரில் ஓட்டுவதற்கென்று ‘டாக்கர்-பிளேகிரவுண்ட்’ என்ற ரெப்போ வைத்திருந்தார்கள். இப்போது புதிய ஏற்பாட்டுக்கு நகர்ந்து வருகிறார்கள் என்றாலும் பாடம் படிக்க எனக்கு அந்தப் பழைய ரெப்போதான் பிடிக்கும்.

அதில் ஏதாவது ஒரு ஃபோல்டரைத் திறந்து மேக்ஃபைலைப் பாருங்கள். இரண்டு மூன்று வரிதான் இருக்கும். ‘மேலே போய்ப் பொது மேக்ஃபைலைச் சேர்த்துக்கொள்’ என்பது ஒரு வரி. அவ்வளவுதான். இமேஜுக்கு (டப்பாவை வார்க்கும் அச்சு) என்ன பெயர், எந்த பிரான்ச் (கோடின் கிளை), எந்த டேக் (இமேஜில் ஒட்டும் சீட்டு), எப்படி பில்டு செய்வது எல்லாம் அந்தப் பொதுக் கோப்பில். அதே மாதிரி, சோதனைகளைத் தானாக ஓட்டும் கருவியான ஜென்கின்ஸில் ஓட்டுவதற்கு ஒரு பொது ஸ்கிரிப்ட். தேவையான இமேஜ் இல்லையென்றால் அதைக் கட்டுவது, தனி நெட்வொர்க் உருவாக்குவது, முடிந்ததும் எல்லாக் கன்டெய்னரையும் கொன்று சுத்தம் செய்வது, லாக்குகளைச் சேகரிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷன். ஃபோல்டரில் இருக்கும் ஸ்கிரிப்டை வாசித்தால் ‘எம்.எஸ்.சி. வேண்டும், எஸ்.டி.பி. (செய்திகளை வழிமாற்றிவிடுவது) வேண்டும், நெட்வொர்க் போடு, இதை ஓட்டு, அதை ஓட்டு’ என்று கதை மாதிரி இருக்கும். இந்தப் பாதியில் நீங்கள் சொல்வது சரி. 38 இடத்தில் காப்பி இருந்தால், டப்பாவுக்குள் அடித்தளமாக இருக்கும் டெபியன் லினக்ஸின் பதிப்பை மாற்றும் நாளில் 38 இடத்தில் திருத்த வேண்டும். 36ஐத் திருத்துவீர்கள். மீதி இரண்டு ஆறு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிடும்.

இனி உங்கள் லீடின் பாதி. அதே ரெப்போவில் இன்னொன்றையும் கவனியுங்கள். பி.எஸ்.சி.க்கான கான்ஃபிக் ஃபைல் (எப்படி ஓட வேண்டும் என்ற அமைப்புகள் உள்ள கோப்பு), எம்.எஸ்.சி.க்கான கான்ஃபிக் ஃபைல் இவையெல்லாம் ஒவ்வொரு டெஸ்ட் ஃபோல்டரிலும் தனித்தனியாக இருக்கும். ஏறக்குறைய ஒரே மாதிரி வரிகள். பார்த்தால் உங்களுக்குக் கை துறுதுறுக்கும், இதையும் ஒன்றாக்கிவிடலாமே என்று. ஆக்காதீர்கள்.

நான் ஆக்கினேன். நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் கூடத்தில் ஆறு சோதனைத் தொகுப்புகள் ஒரே மாதிரி பி.எஸ்.சி. கான்ஃபிக்கைப் பயன்படுத்தின. ஆறையும் ஒன்றாக்கிப் பொது ஃபோல்டரில் வைத்தேன். பாராட்டும் கிடைத்தது. அந்தக் கோப்பில் டி3212 என்ற டைமர் ஒன்று உண்டு. ‘நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்’ என்று போன் எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை நெட்வொர்க்கிடம் வந்து தலையைக் காட்ட வேண்டும் என்பது அந்த டைமர். காற்றில் போகும்போது அதன் அலகு ஆறு நிமிடம். மதிப்பு 5 என்றால் அரை மணி. 0 என்றால் வரவே வேண்டாம். அழைப்புகளைச் சோதிக்கும் குழுவில் ஒரு பையன், தன் லாக்கில் இந்தத் தலைகாட்டல் வந்து குறுக்கிடுகிறது என்று அதை 0 ஆக்கினான். அவன் சோதனைகள் பச்சை. ரெவ்யூ செய்தவள் நான்தான். ஒரு வரி மாற்றம், என்ன ஆகிவிடப் போகிறது என்று ஓகே போட்டேன்.

இன்னொரு தொகுப்பில், போன் தலையைக் காட்டாமல் போனால் நெட்வொர்க் அதை விட்டுவிடுகிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று இருந்தது. அது தொடங்கும்போது டைமர் மதிப்பைப் பார்க்கும். 0 என்றால் சோதிக்க ஒன்றுமில்லை என்று ஒதுங்கிக்கொள்ளும். டி.டி.சி.என்-3இல் தீர்ப்புகள் ஐந்து: பாஸ், ஃபெயில், இன்காங்க், நன், எரர். இன்காங்க் என்றால் ‘முடிவு சொல்ல முடியவில்லை’. எங்கள் டாஷ்போர்டில் ஃபெயிலுக்கும் எரருக்கும் மட்டும்தான் சிவப்பு. இன்காங்க் சாம்பல் நிறத்தில் ஓரமாக இருக்கும். மூன்று வாரம் அது சாம்பலாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை. அந்த மூன்று வாரத்துக்குள் ஒருவர் அந்தப் பகுதிக் கோடையே உடைத்து, அது வாடிக்கையாளரின் சோதனைக் கூடம் வரை போய்விட்டது. அங்கே அணைத்துவைத்த போன்களை நெட்வொர்க் நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்ததாம். எனக்கு வந்த மின்னஞ்சலில் வாழ்த்து எதுவும் இல்லை.

அந்தப் பையன் மேல் தப்பில்லை. அவனுக்கு வேண்டிய கான்ஃபிக்கை அவன் எழுதினான். அது அடுத்தவர் இலையிலும் போய் விழும்படி செய்தது நான். கல்யாணச் சமையலில் அண்டாவும் அடுப்பும் கரண்டியும் பொது. அதற்காக சாம்பாருக்கும் ரசத்துக்கும் பாயசத்துக்கும் ஒரே உப்பா போடுவோம்? டாக்கர்ஃபைலின் அடித்தளம், மேக்ஃபைல், ஸ்கிரிப்ட் ஃபங்ஷன்கள் எல்லாம் அண்டா. இவை மாறுவதற்குக் காரணம் ஒன்றுதான்: டெபியன் மாறியது, டாக்கர் மாறியது, ஜென்கின்ஸ் மாறியது. மாறினால் எல்லாருக்கும் சேர்ந்து மாற வேண்டும். கான்ஃபிக் அப்படியில்லை. அது சோதனையின் ஒரு பகுதி. இன்று ஆறும் ஒரே மாதிரி இருப்பது தற்செயல்.

ஆகவே லீடிடம் போய், ‘கான்ஃபிக்கில் கை வைக்க மாட்டேன், பில்டில் மட்டும் வைக்கிறேன்’ என்று சொல்லுங்கள். அதையும் ஒரே நாளில் 38இல் செய்யாதீர்கள். உள்ளதில் சின்ன ஃபோல்டர் இரண்டை எடுத்துப் பொது மேக்ஃபைலுக்கு மாற்றி ஒரு வாரம் இரவு ஓட்டத்தில் விடுங்கள். அப்புறம் பொதுக் கோப்பைத் தொடும் எந்த மாற்றத்துக்கும் ஒரு வழக்கம் வையுங்கள்: தன் ஃபோல்டரை மட்டும் ஓட்டிக் காட்டினால் போதாது, தனக்குச் சம்பந்தமில்லாத இரண்டை ஓட்டிக் காட்ட வேண்டும். முனகுவார்கள். முனகட்டும்.

கோடில் இருந்த தவறைத் திருத்தி கமிட் போட்டேன். டாக்கர் இமேஜை மறுபடி பில்டு செய்து டெஸ்ட் ஓட்டினால் அதே தவறு வருகிறது. இமேஜை முழுவதும் அழித்துவிட்டு பில்டு செய்தால் சரியாகிறது. தினமும் அப்படிச் செய்தால் ஒரு பில்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. என்ன வழி?
— வாசகி, கோவை

உங்கள் டாக்கர்ஃபைலில் ‘கிட் குளோன் செய்’ என்ற வரி, அதாவது சர்வரிலிருந்து கோடை நகலெடுக்கும் வரி இருக்கும். டாக்கர் அந்த வரியைப் பார்க்கிறது, நேற்றைய வரியோடு ஒப்பிடுகிறது. எழுத்து மாறவில்லை. சரி, நேற்றுச் செய்ததையே கேச்சிலிருந்து எடுத்துக்கொள்வோம் என்று போய்விடுகிறது. சர்வரில் கோடு மாறியது அதற்கு எப்படித் தெரியும்? பால்காரர் வாசலில் எட்டிப் பார்த்து, நேற்று வைத்த பாத்திரம் அங்கேயே இருக்கிறது, பால் ஊற்றியாயிற்று போல என்று திரும்பிப் போவது மாதிரி.

நீங்கள் பார்த்தது தவறு நீங்காத நிலை. அது பரவாயில்லை, கண்ணில் பட்டுவிட்டது. தலைகீழாக நடந்தால்தான் ஆபத்து. புதிய கமிட்டில் ஒரு தவறு நுழைகிறது, டெஸ்ட் பழைய கோடில் ஓடிப் பச்சை காட்டுகிறது.

கேச்சை முழுக்க அணைக்க வேண்டாம். ஆஸ்மோகாம்காரர்களின் டாக்கர்ஃபைல்களில் ஓர் உத்தி உண்டு. வரிசையைக் கவனியுங்கள். முதலில் தேவையான டெபியன் பேக்கேஜ்களை நிறுவும் வரி. இதுதான் நேரம் பிடிப்பது, கேச்சிலேயே இருக்கட்டும். அடுத்து கிட் குளோன். அதுவும் கேச்சில் இருக்கட்டும். மூன்றாவதாக ஓர் ‘ஆட்’ வரி. கிட் சர்வரின் வலைப்பக்கத்திலிருந்து அந்த பிரான்சின் கடைசி கமிட்டை ஒரு சின்னக் கோப்பாக இறக்கிக்கொள்ளச் சொல்லும். ‘ஆட்’ வரியில் வலை முகவரி இருந்தால் டாக்கர் எழுத்தை மட்டும் பார்க்காது, இறக்கிய கோப்பின் உள்ளடக்கத்தையும் பார்க்கும். புதிய கமிட் வந்திருந்தால் கோப்பு மாறியிருக்கும். அந்த இடத்திலிருந்து கீழே உள்ள எல்லா வரியும் புதிதாக ஓடும். அதற்குக் கீழே புதிய கோடை எடுத்து வைக்கும் கிட் ஃபெட்ச், செக்-அவுட், பிறகு கம்பைல். இறக்கிய கோப்பை யாரும் படிப்பதில்லை. மணி அடிப்பதோடு அதன் வேலை முடிந்தது.

உங்கள் முக்கால் மணி, கம்பைல் செய்யும் நேரமாக மட்டும் குறையும். கூடவே ஒன்று செய்யுங்கள். செக்-அவுட் முடிந்ததும் எந்த கமிட்டில் நிற்கிறோம் என்பதை அச்சிடும் வரியைச் சேர்த்துவிடுங்கள். ‘நீ ஓட்டியது எந்தக் கோடு?’ என்று யாராவது கேட்டால் லாக்கைத் திறந்து காட்டலாம்.

ஒரே சர்வரில் இரண்டு ஜென்கின்ஸ் ஜாப் ஒன்றாக ஓடினால், இரண்டாவது ஜாப் நெட்வொர்க் உருவாக்கும்போதே ‘பூல் ஓவர்லேப்ஸ்’ என்று சொல்லிச் செத்துவிடுகிறது. ஐ.பி. முகவரிக்குப் பதில் கன்டெய்னர் பெயரைப் பயன்படுத்தச் சொல்கிறார் வெப் டீம் நண்பர். செய்யலாமா?
— வாசகர், ஓசூர்

வெப் டீம் நண்பர் அவர் ஊருக்குச் சரியாகச் சொல்கிறார். நம் ஊர் வேறு. டெலிகாம் நெறிமுறைகள் பலவற்றில் ஐ.பி. முகவரி செய்திக்குள்ளேயே பயணம் செய்யும். மொபைல் டேட்டாவுக்கான ஜி.டி.பி.யில் ‘எனக்கு டேட்டாவை இந்த முகவரிக்கு அனுப்பு’ என்று பாக்கெட்டுக்குள் எண் போகிறது. குரலுக்கான எம்.ஜி.சி.பி.யிலும் அப்படித்தான். சோதனை அந்த எண் சரியாக வந்ததா என்று பார்க்க வேண்டும். ஆகவே கான்ஃபிக்கில் முகவரிகளை எண்ணாகவே எழுதி வைக்கிறோம். உங்கள் கோப்புகளில் 172.18.20.10 என்கிற மாதிரி ஏதோ ஒன்று அப்படியே எழுதியிருக்கும். இரண்டு ஜாப்பும் 172.18.20.0/24 கேட்கும். முதலில் வந்தவனுக்குப் பந்தி.

முதலில் நாங்கள் ஒவ்வொரு தொகுப்புக்கும் ஒரு எண் ஒதுக்கி, சுவரில் காகிதம் ஒட்டி வைத்தோம். எம்.எஸ்.சி.க்கு 20, இன்னொன்றுக்கு 21. ஒரே தொகுப்பை இரண்டு பிரான்சில் ஒரே நேரத்தில் ஓட்டும் தேவை வந்த அன்று காகிதம் தோற்றது. ஒழுங்கான வழி: பொது ஸ்கிரிப்டில் ஒரு ஃபங்ஷன், காலியாக உள்ள சப்நெட் (முகவரித் தொகுதி) ஒன்றைத் தேடி எடுக்கட்டும். பிறகு கான்ஃபிக் ஃபைல்களைத் தற்காலிக ஃபோல்டருக்குக் காப்பி செய்து, அந்தக் காப்பியில் 172.18.20 என்பதைப் புதிய எண்ணாக மாற்றி ஓட்டட்டும். காப்பியில் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மூலக் கோப்பிலேயே மாற்றினால் அடுத்த நாள் யாராவது தெரியாமல் அதை கமிட் செய்துவிடுவார்கள்.

இன்னொன்று. யாராவது ஜாப்பைப் பாதியில் முரட்டுத்தனமாக நிறுத்தினால் சுத்தம் செய்யும் ஃபங்ஷன் ஓடாது, நெட்வொர்க் அப்படியே கிடக்கும். சப்நெட் சொல்லாமல் டாக்கரிடமே விட்டால் இயல்பான அமைப்பில் அது தரக்கூடியது மொத்தம் முப்பது சொச்சம்தான். அனாதை நெட்வொர்க்குகள் சேர்ந்தால் அதுவும் தீர்ந்துவிடும். வாரம் ஒருமுறை பெருக்கித் தள்ள ஒரு ஜாப் வையுங்கள்.

என் லேப்டாப்பில் ஓடும் அதே இமேஜ், புது சர்வரில் ‘புரோட்டோகால் நாட் சப்போர்ட்டட்’ என்கிறது. கன்டெய்னர் என்றால் எங்கேயும் ஒரே மாதிரி ஓடும் என்றார்களே?
— மாணவர், திருநெல்வேலி

கன்டெய்னருக்குள் எல்லாம் உண்டு, இயங்குதளத்தின் மையமான கெர்னல் மட்டும் கிடையாது. அது வீட்டுக்காரருடையது, அதாவது சர்வருடையது. நீங்கள் சோதிப்பது எஸ்.சி.டி.பி. என்ற நெறிமுறையின் மேல் ஓடும் ஏதோ ஒன்றாக இருக்கும், எம்3யூ.ஏ. அல்லது எஸ்1.ஏ.பி. புது சர்வரின் கெர்னலில் எஸ்.சி.டி.பி. மாட்யூல் ஏற்றப்படவில்லை. சர்வரில் மோட்ப்ரோப் கொடுத்து ஏற்றுங்கள், சர்வர் ரீபூட் ஆனாலும் தானாக ஏறும்படி எழுதி வையுங்கள். கன்டெய்னருக்குள் உட்கார்ந்து என்ன நிறுவினாலும் பலிக்காது. பொது ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே மாட்யூல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் தெளிவாகத் திட்டிவிட்டு நிற்கும் வரி ஒன்றைப் போட்டுவிடுங்கள். அடுத்து வருபவருக்கு அரை நாள் மிச்சம்.

‘லேட்டஸ்ட்’ டேக் போட்டால் எப்போதும் புதிய இமேஜ்தானே வரும்? எங்கள் ஆபீசில் இதற்கு ஒரு மணி நேரம் சண்டை.
— வாசகர், பெங்களூரு

வராது. டேக் எதுவும் சொல்லாவிட்டால் டாக்கர் தானாக வைத்துக்கொள்ளும் பெயர் அது, வேறொன்றுமில்லை. ‘சின்னத்தம்பி’ என்று பெயர் வைத்தவருக்கு அறுபது வயது ஆவதில்லையா?

ஆஸ்மோகாமில் அந்தச் சொல்லுக்கே வேறு அர்த்தம் கொடுத்திருந்தார்கள். அங்கே ‘லேட்டஸ்ட்’ என்றால் கடைசியாக முறைப்படி வெளியிட்ட பதிப்பு, ‘மாஸ்டர்’ என்றால் இன்றைய கோடு. ஆக, லேட்டஸ்டை விட மாஸ்டர்தான் புதியது! ஒரே சோதனைத் தொகுப்பை இரண்டின் மேலும் ஓட்டுவார்கள். அதில் ஒரு சிக்கல் வரும். மாஸ்டரில் புதிதாகச் சேர்த்த கட்டளையை கான்ஃபிக்கில் எழுதினால், பழைய வெளியீடு கான்ஃபிக்கைப் படிக்கும்போதே ‘இதென்ன?’ என்று நின்றுவிடும். அந்த வரியை மாஸ்டருக்கு மட்டும் சேர்க்க ஸ்கிரிப்டில் ஒரு நிபந்தனை வைக்க வேண்டும். அடுத்த வெளியீடு வந்ததும் அந்த நிபந்தனையை எடுத்துவிட வேண்டும். இரண்டாவது பாதியை யாரும் செய்வதில்லை. என் அனுபவத்தில் பொது ஸ்கிரிப்ட் குண்டாவது இப்படித்தான்.

அடிப்படை இமேஜை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்? ஓடிக்கொண்டிருப்பதை ஏன் மாற்ற வேண்டும்?
— வாசகி, சிறுசேரி

ஓடிக்கொண்டிருக்கும் வரை ஓடும், ஒரு நாள் ஒரேயடியாக நிற்கும். சென்ட் ஓ.எஸ். 8 என்ற லினக்ஸ் பதிப்பை 2021 டிசம்பரோடு முடிக்கப் போகிறோம் என்று 2020 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். எங்களுக்கு ஒரு வருடம் இருந்தது. அந்த ஒரு வருடமும் ‘அடுத்த ஸ்பிரின்ட்டில் பார்ப்போம்’ என்றோம். 2022 ஜனவரி கடைசியில் வழக்கமான சர்வர்களிலிருந்து பேக்கேஜ்கள் எடுக்கப்பட்டன, அதை நம்பியிருந்த எங்கள் பில்டுகள் அத்தனையும் ஒரே நேரத்தில் விழுந்தன. குறை சொல்ல வெளியில் ஆள் இல்லை.

டெபியனிலும் பழைய பதிப்பு ஆயுள் முடிந்தால் ஆவணக் கிடங்குக்குப் போய்விடும். இரண்டு வருடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் புதியது வருகிறது: புல்ஸ்ஐ 2021, புக்வார்ம் 2023, டிரிக்ஸி 2025. புதியது வந்த சில மாதத்தில் ஒரு பிரான்ச் போட்டு, பொதுக் கோப்பில் பதிப்புப் பெயரை மட்டும் மாற்றி எத்தனை உடைகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பெயர் எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறது என்பதும் அப்போது தெரியவரும். ஒரு இடமாக இருந்தால் மாலையில் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

மேக்ஃபைலில் ஸ்பேஸ் போட்டால் ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்கிறது, டேப்தான் போட வேண்டுமாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதானே? இப்படி ஒரு விதியை யார் வைத்தது?
— புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், அம்பத்தூர்

ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன். 1976, பெல் ஆய்வகம். மேக்ஃபைலைப் படித்து வேலை செய்யும் ‘மேக்’ கருவியை எழுதத் தொடங்கிய நாளில் வேறொரு கருவியோடு மல்லுக்கட்டிவிட்டு, சட்டென்று வேலை முடியட்டும் என்று டேப்பை வைத்தார். சில வாரத்தில் ஒரு டஜன் பேர் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள், பெரும்பாலும் அவருடைய நண்பர்கள். மாற்றினால் அவர்கள் கோப்புகள் உடையுமே என்று விட்டுவிட்டார். அந்த ஒரு டஜன் பேருக்காக ஐம்பது வருடமாக நாம் டேப் அடிக்கிறோம். பொதுக் கோப்பில் கை வைக்க எங்கள் லீடுகள் ஏன் பயப்படுகிறார்கள் என்று இப்போது புரிகிறதா?

சந்தேகம் வந்தால் ‘கேட்’ கட்டளையோடு மைனஸ் போட்டுப் பெரிய ‘ஏ’ கொடுத்துக் கோப்பைத் திறந்து பாருங்கள். டேப் இருக்கும் இடத்தில் ஒரு கூரைக் குறியும் பக்கத்தில் ‘ஐ’ எழுத்தும் தெரியும். வெறும் இடைவெளியாகத் தெரிந்தால் உங்கள் எடிட்டர் டேப்பை ஸ்பேஸாக மாற்றிக்கொண்டிருக்கிறது. மேக்ஃபைலுக்கு மட்டும் அந்த வசதியை அணைத்துவிட்டு மறுபடி அடியுங்கள்.